கூவம் நூறைத் தாண்டினால்

சென்னீர்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு நெட் கொடுப்பவர் உள்ளூர்க்காரர். முதலில் கேபிள் டிவி நடத்தினார். பிறகு அதே கம்பங்களில் கண்ணாடி இழைக் கம்பியையும் இழுத்து பிராட்பேண்ட்காரர் ஆகிவிட்டார். எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். கம்பி இழுக்க வரும்போதெல்லாம் லிஃப்ட் பக்கத்தில் நின்று, "இங்கதான் எங்க நைனா சேத்துல நின்னுகினு இருப்பாரு" என்பார். அதில் வருத்தம் எதுவும் இருக்காது. லிஃப்ட் வர நேரமாகிறதே என்று பேசுகிற பேச்சு.

நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். தமிழில் எம்.ஏ. பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் சில வருஷம் தமிழ் எடுத்துவிட்டு இப்போது வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். கணவருக்கு ஐ.டி. வேலை, வாரத்தில் பாதி நாள் எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவருக்கு ஆபீஸ். அதனால் நெட் நிற்பது எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்பதைவிடப் பெரிய விஷயம். தண்ணீர் நின்றால் லாரிக்குச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். நெட் நின்றால், ஜுரம் வந்த குழந்தையைப் பார்ப்பதுபோல ரூட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் அப்படி நின்றபோது லைன்மேன் கிடைக்காமல் பிராட்பேண்ட்காரரே நேரில் வந்தார். கோளாறுக்குக் காரணம் நான்தான். கம்பி தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று அதை நன்றாக மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தேன். கண்ணாடி இழை மடங்கினால் உள்ளே வெளிச்சம் போகாதாம். அவர் அதை நிமிர்த்திவிட்ட கையோடு அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். டீ ஆறும்வரை தன் கஷ்டத்தைச் சொன்னார்.

எங்கள் ஏரியாவுக்குப் பெரிய கம்பெனி ஒன்று புதிதாக நெட் கொடுக்க வந்திருந்தது. புதுக் கனெக்‌ஷனுக்கெல்லாம் வழவழவென்று ஒரு ஆங்கிலப் புத்தகம் தருகிறார்களாம். உன்னிடம் ஏன் புத்தகம் இல்லை என்று இவருடைய வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். அதுபோக, நாளெல்லாம் போன். போனை எடுப்பது அவர் மனைவி. பெட்டியில் எந்த லைட் எரிகிறது என்று அவர் கேட்டால், ஹாலில் டியூப்லைட் எரிகிறது என்று பதில் வருகிறதாம்.

"நமக்கும் ஒரு புக்கு வோணும் டீச்சர். சும்மா பேசற தமிழ் வேணாம். மேடையில பேசுவாங்களே, அந்த மாரி நல்ல தமிழ். படிச்சா ஒரு மரியாத வரணும்."

பள்ளியை விட்ட பிறகு என்னிடம் நல்ல தமிழ் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். ட்யூஷன் பிள்ளைகளின் பெற்றோர் மார்க் வந்தால் போதும் என்பார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. கூலியாக என்ன வேண்டும் என்று பிராட்பேண்ட்காரர் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வேகத்தை ஏற்றிவிட்டால் போதும் என்று கணவர் பேரத்தை முடித்துவிட்டார்.

அடுத்த சில மாலைகள் கணவரும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். அவர் ஒவ்வொரு சமாசாரத்தையும் விளக்குவார். நான் அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுவேன். ரூட்டர் என்பது வருகிற தகவலை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று வழிகாட்டும் பெட்டி என்றார். திசைவி என்று எழுதினேன். கண்ட கண்ட ஆட்கள் உள்ளே நுழையாமல் தடுப்பது ஃபயர்வால். தீச்சுவர். பாஸ்வேர்டு, கடவுச்சொல். நாம் அனுப்புகிற எதுவும் மொத்தமாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி ஒட்டி அனுப்பப்படுகிறது, அதற்குப் பாக்கெட் என்று பெயர் என்றார். பொட்டலம் என்று எழுதினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாக்கெட் என்றால் பொட்டலம்தானே என்றேன். அவர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தது பிங். நம்முடைய கணினி தூரத்தில் இருக்கும் ஒரு கணினியைக் கூப்பிடுகிறது, அது பதில் சொல்கிறது, போய் வர எத்தனை நேரம் என்று அளப்பதுதான் பிங். அந்த அளவு நூறுக்கு மேல் போனால் இணைப்பு மந்தம் என்று அர்த்தம் என்றார். எனக்கு எங்கள் ஊர் வாய்க்கால் நினைவுக்கு வந்தது. இந்தக் கரையிலிருந்து ஒருத்தி கூவினால் அந்தக் கரையிலிருந்து இன்னொருத்தி கூவுவாள். கூவல் என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு திருப்தி. அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்:

'கூவல் நூறைத் தாண்டினால் உடனே எங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். அவ்வேளையில் பொட்டலங்கள் தாமதமாக வந்து சேரும். சில பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்து போவதும் உண்டு. தொலைந்த பொட்டலங்கள் மீண்டும் அனுப்பி வைக்கப்படும். வாடிக்கையாளர்கள் பொறுமை காக்க வேண்டுகிறோம்.'

பூந்தமல்லியில் ஒரு அச்சகத்தில் கொடுத்தார்கள். மெய்ப்பு என் போனுக்கு வந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் திருத்தி அனுப்பினேன். அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் நல்ல மனிதர், தமிழ்ப்பற்று உள்ளவர். என் திருத்தமெல்லாம் முடிந்த பிறகு அவர் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறார். பாவம், டீச்சர் அவசரத்தில் எழுத்தை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, கூவல் என்று வந்த இடத்தையெல்லாம் கூவம் என்று மாற்றிவிட்டார். புத்தகம் அச்சாகி வந்தபோது நான் அட்டையையும் முதல் பக்கத்தையும் தடவிப் பார்த்தேனே தவிர உள்ளே படிக்கவில்லை. நான் எழுதியதுதானே.

லைன்மேன் வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம்.

முதல் வாரத்தில் வந்த போன்களைப் பற்றி பிராட்பேண்ட்காரரின் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். அவர் சிரிக்காமல் சொல்லக்கூடியவர். ஒரு அம்மா போன் செய்து, கடவுள் சொல் என்று போட்டிருக்கிறதே, எந்தச் சாமி என்று குறிப்பிடவில்லையே என்று கேட்டாராம். எந்தச் சாமியானாலும் எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மாங்காட்டுக் காமாட்சியின் பேரைப் போட்டுக்கொண்டார். பேச்சு பரவி, அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு அதே பாஸ்வேர்டு ஆகி, யார் வீட்டு நெட்டில் யார் படம் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் போனது. இன்னொருவர் தீச்சுவரைப் படித்துவிட்டு, பெட்டியைப் பூஜை அறையிலிருந்து கழற்றி மொட்டைமாடிப் படிக்கட்டில் மாட்டச் சொன்னார்.

அதைவிடப் பெரிய சிக்கல் முகவரியில் வந்தது. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. சாதாரணமாக அது அடிக்கடி மாறும். வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மட்டும் மாறாத ஒன்றைத் தருவார்கள். மாறும் முகவரி, நிலையான முகவரி என்று நான் எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்துத் தெருவில் சொந்த வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் உருப்படிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் புத்தகத்தோடு பிராட்பேண்ட் ஆபீசுக்கே வந்துவிட்டார். வாடகைக்காரனுக்கும் எனக்கும் ஒரே மாறும் முகவரியா என்பதுதான் அவர் கேள்வி. அப்படி இல்லை என்று பிராட்பேண்ட்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"இன்னாப்பா பேசற நீ. பட்டா என் பேர்ல கீது. வரி நான் கட்றேன். எனக்கு நிலையானதத்தான் போடணும்."

போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து அவருக்கு இந்தப் புத்தகத்தின் மேல் தனி மதிப்பு வந்துவிட்டது. அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். படித்துக்கொண்டே வந்து கூவம் பக்கத்தில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் கூவம் ஒரு ஆறு என்பது மழைக்காலத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மற்ற மாதங்களில் அது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டவேண்டிய ஒரு பாலம், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரி திறப்பார்களா, தண்ணீர் தெருவுக்கு வருமா என்பதே பேச்சாக இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் செலவு செய்து, புத்தகம் அடித்து, கூவம் நூறைத் தாண்டினால் சொல்லுங்கள், பொட்டலம் அனுப்புகிறோம், தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், தொலைந்தாலும் மறுபடி அனுப்புவோம் என்று வீடு வீடாகக் கொடுத்தால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம் வரும் என்றுதானே. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. கேபிள்காரருக்கு இவ்வளவு பெரிய மனசா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது எங்கள் காதுக்கு மட்டும் வரவில்லை.

ஓய்வு பெற்றவர் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் குடையோடு பாலத்துக்கு நடந்துபோவார். பாலத்துத் தூணில் யாரோ எப்போதோ வெள்ளைக் கோடுகள் போட்டுவைத்திருந்தார்கள். அவற்றை வைத்துத் தனக்குள் ஒரு கணக்குப் போட்டு, ஆபீசுக்கு போன் செய்வார். இன்றைக்குக் கூவம் முப்பது. இன்றைக்கு நாற்பது. முப்பது என்றால் அடியா, அங்குலமா என்று அவர் சொன்னதும் இல்லை, பிராட்பேண்ட்காரரின் மனைவி கேட்டதும் இல்லை. மழைக்காலத்தில் பெரியவர் எதற்கோ கவலைப்படுகிறார் என்று, சரிங்க, ரொம்ப நன்றிங்க என்று சொல்லி வைத்துவிடுவார்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சர்வீஸ் ரோட்டில் பஸ்கள் படகுபோல வந்தன. கணவர் ஜன்னல் பக்கம் நின்று மழையைப் பார்க்காமல் ரூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அதில் சிவப்பு லைட் வந்தது. எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது. ஆபீசுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. ஆபீஸ் எங்கள் தெரு முனையில்தான். கணவருக்கு ஜலதோஷம் என்பதால் நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனேன்.

ஆபீஸ் வாசலில் குடையும் பாலித்தீன் கவருமாக ஒரு கூட்டம். நெட் போனதற்கு இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியம். உள்ளே பிராட்பேண்ட்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து கையில் புத்தகத்தைப் பிரித்துவைத்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர் தொப்பலாக நனைந்து நின்று, பொறுப்போடு அறிவித்துக்கொண்டிருந்தார்.

"தூணுல கோடே தெரியல. அப்ப நூறுதான். தாண்டிச்சின்னு வெச்சிக்க."

சொன்னதோடு நிற்காமல் வரும் வழியில் இருந்த வீடுகளுக்கெல்லாம் செய்தியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பொட்டலம் தாமதமாகத்தான் வரும் என்று போட்டிருக்கிறது, நாமே போய் வாங்கிக்கொண்டால் தொலையாது என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

பிராட்பேண்ட்காரரின் மனைவி புத்தகத்தை என்னிடம் நீட்டினார். படித்தேன். கூவம் என்று இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இருந்திருந்தால் அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கலாம். எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கூவம் என்று இருந்தது. இது கூவல், பிங் என்பதன் தமிழ் என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே வகுப்பில் கேட்கிற குரலாக இருந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி நான் முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டார். அவர் வீடு வாய்க்கால் ஓரத்தில் தாழ்வாக இருப்பது. முடித்ததும் அமைதியாக என்னிடம் கேட்டார்.

"அது சரி டீச்சர். ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துகிச்சு, அடுப்பு நனஞ்சி கீது. பொட்டலம் எத்தினி மணிக்கு?"

பிராட்பேண்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்தார். கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு, தன் கணவரை அரிசி மூட்டை எடுத்துவரவும், லைன்மேனைத் தக்காளி எங்கே கிடைத்தாலும் வாங்கிவரவும் விரட்டினார். ஆபீசுக்கு மேல்தளத்தில்தான் அவர்கள் வீடு. கூட்டத்தைப் பார்த்து, மதியம் வரும் என்றார். அவ்வளவுதான். எல்லோரும் கலைந்தார்கள்.

தக்காளி சாதம் என்று முடிவானது. நான் வெங்காயம் உரித்தேன். வாய்க்கால் ஓரத்துப் பெண்மணி தானும் வந்து உட்கார்ந்து அரிந்து தள்ளினார். என் கணவர் நெட் எப்போது வரும் என்று கேட்பதற்காக ஜலதோஷத்தோடு இறங்கி வந்தவர், ஒரு அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். ரூட்டரைப் பார்ப்பதுபோலவே அதையும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி அறுந்த இடத்தைத் தேடிப் போகவேண்டிய லைன்மேன் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, சென்னீர்குப்பத்துக்கே நெட்டு இல்ல. நாம சோறு கட்டிகினு கீறோம்" என்று பிராட்பேண்ட்காரரிடம் ஒருமுறை நினைவுபடுத்தினார்.

"கட்டு, கட்டு. நெட்டு எவன் கேட்டான்?"

உண்மையில் யாரும் கேட்கவில்லை. போன் விடாமல் அடித்தது. எல்லாம் பொட்டலத்துக்குத்தான். ஒரு வீட்டிலிருந்து தங்கள் பொட்டலம் தொலைந்துவிட்டதாக போன் வந்தது. தொலைந்தால் மீண்டும் அனுப்புவதாகப் போட்டிருக்கிறதே என்றார்கள். அந்த வீட்டுக்கு அப்போதுதான் கொடுத்துவிட்டு வந்திருந்தார் லைன்மேன். இருந்தாலும் அச்சில் இருக்கிறது என்பதால் இன்னொன்று போனது. ஓய்வு பெற்றவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையைக் கவனித்துக்கொண்டார். பெரிய கம்பெனியிடம் நெட் வாங்கியவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். உங்கள் புத்தகத்தில் பொட்டலம் போட்டிருக்கிறதா என்று அவர்களைக் கேட்டார். இல்லை என்றார்கள். பரவாயில்லை, நில் என்று அவர்களையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

மழை அதற்கடுத்த நாள் குறைந்தது. தண்ணீர் வடிய இன்னும் சில நாள் ஆனது. அதுவரை மேல்தளத்தில் அண்டா இறங்கவில்லை. தெருக்காரர்களும் அவரவர் வீட்டில் இருந்த பருப்பு, எண்ணெய் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, நீங்கள் எந்தக் கட்சி, எந்த வார்டில் நிற்கப் போகிறீர்கள் என்று பிராட்பேண்ட்காரரிடம் தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார். தான் நெட்காரன் என்று இவர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. போகும்போது ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

நெட் வந்த பிறகு ஆபீசில் புதுக் கனெக்‌ஷன் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் யாரும் வேகம் எவ்வளவு என்று கேட்கவில்லை. மழைக்காலத்துக்கு மட்டும்தானா, வருஷம் முழுக்க உண்டா என்று கேட்டார்கள். பிராட்பேண்ட்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றி எங்கள் வேகத்தை ஏற்றிவிட்டார். கணவர் தினமும் ஒருமுறை பிங் போட்டுப் பார்த்து, "கூவம் பன்னிரண்டு" என்று சமையலறைக்குக் கேட்கும்படி அறிவிப்பார். நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

புத்தகம் தீர்ந்துபோனது. இரண்டாம் பதிப்பு போடவேண்டும் என்றார்கள். சொற்களையெல்லாம் விளக்கத்தோடு திருத்தி எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பிராட்பேண்ட்காரரின் மனைவி மரியாதையோடு வாங்கி ஓரமாக வைத்தார். இந்த முறை ஒரே ஒரு தாள்தான் அடிக்கப் போவதாகச் சொன்னார். சிவப்பு லைட் எரிந்தால் போன் செய்யுங்கள், பச்சை லைட் எரிந்தால் போன் செய்ய வேண்டாம். இவ்வளவுதான் அதில் இருக்கும், எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். பார்த்தேன். பிழை இல்லை.

அந்தத் தாள் வீடுகளுக்குப் போன மறுநாள் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். யாரோ ஒரு பெரியவரின் குரல், மிகுந்த பணிவோடு.

"பச்சதாம்மா எரியுது. நல்லாத்தான் எரியுது. ஒரு வார்த்த சொல்லிடலாம்னுதான் பண்ணேன்."

சரிங்க, ரொம்ப நன்றிங்க என்று சொல்லி வைத்தார் அவர். வைத்த உடனே அடுத்த போன் அடித்தது.